இரண்டு முக்காற்புள்ளி

கச்சேரியின் இரண்டாம் மாடி.
குளிரூட்டி பழுதாகி மூன்றாம் கிழமை.
ஜன்னலுக்கு வெளியே
ஒரு சீமெந்துக் கப்பலை
மெல்ல மெல்லத் திருப்பிக்கொண்டிருந்தது உட்துறைமுகம்.
நாங்கள் முகவரிகளை எண்ணிக்கொண்டிருந்தோம்.

முன்னூற்றுப் பன்னிரண்டு.
கணினி, அச்சுப்பொறி,
இரவில் மான்களை மட்டுமே படம்பிடிக்கும் வாசல் கமரா,
வெருகலில் கைவிரல் பதியும் பெட்டி,
யாருடையதென்று ஒருவரும் ஒத்துக்கொள்ளாத நான்கு.
இத்தனைக்கும் வெளியுலகில் ஒரே முகவரி.
கதவிலக்கம் ஒன்று, உள்ளே முன்னூறு குடித்தனம்.
வரும் கடிதம் யாருக்கென்று
வாசலில் நிற்கும் ரவுட்டர் ஞாபகம் வைத்திருக்கும்.
கரண்ட் போனால் மறந்துவிடும்.

"பழைய இலக்கம் முடிஞ்சுது மிஸ்,
கொழும்பிலயும் இல்லையாம்," என்றான் சனூன்,
பாண் முடிந்ததைச் சொல்லும் கடைக்காரனின் குரலில்.

புதியது முடியாதாம்.
நிலாவெளி மணலுக்கெல்லாம் பங்கிட்டாலும் மிஞ்சுமாம்.
பயிற்சி வகுப்பில் மூன்று பேர்
மூன்று கடற்கரையை வைத்து இதையே சொன்னார்கள்.
எனக்கு மணலுக்கு வேண்டாம்.
வெருகல் பெட்டிக்கு ஒன்று போதும்.

அதுதான் ஏற்காது.
செய்த கொம்பனி மூடிவிட்டது.
உதவிக்கு அழைக்கச் சொன்ன இலக்கத்தில்
இப்போது யாரோ சப்பாத்து விற்கிறார்கள்.

ஆகவே இரண்டும் ஓடட்டும் என்று எழுதினோம்:
ஒரே வயரில் பழையதும் புதியதும்,
ஒன்றின் பேச்சு ஒன்றுக்கு விளங்காமல்,
ஆனால் இடிபடாமல்.
எத்தனை வருசத்துக்கு என்று கேட்டா தில்ருக்ஷி மேடம்.
மூன்று என்றேன்.
மூன்றென்றால் ஏழு என்று அவவுக்கும் தெரியும்.
மூன்று என்றே குறித்துக்கொண்டா.

பிறகு சனூன்
வெண்பலகையில் மாதிரிக்கு ஒன்று எழுதினான்.
எட்டுத் துண்டு, இடையிடையே வெறும் பூச்சியம்.
பூச்சியக் கூட்டத்தை அப்படியே விழுங்கி
அந்த இடத்தில் இரண்டு முக்காற்புள்ளி வைக்கலாம்.
அவன் இரண்டு இடத்தில் வைத்திருந்தான்.

"ஒரு முறைதான்."
"ஏன் மிஸ்?"
"ஒரு இடைவெளி எண்டால்
மிச்சத்தை எண்ணி
எத்தனை விழுந்ததெண்டு கண்டுபிடிக்கலாம்.
ரெண்டெண்டால்
எங்க எத்தனை போனதெண்டு
எந்த மெஷினுக்கும் தெரியாது."

சொன்ன வாயைச்
சொன்ன பிறகுதான் கவனித்தேன்.

இந்த வேலைக்கு விண்ணப்பித்த நாள்.
நிரந்தர முகவரி: சம்பூர்.
இதற்கு முன் வசித்த இடங்கள்:
ஒரு கோடு,
கிளிவெட்டி,
இன்னொரு கோடு,
உவர்மலையில் வாடகை அறை.
நேர்முகத்தில் இருந்தவர் கோடுகளைப் பார்த்தார்,
பேனையை மூடினார்.
அந்தக் கோடுகளுக்குள் எத்தனை கூடாரம்,
பாடசாலைகளின் எத்தனை வகுப்பறை,
அண்ணன் தொலைந்தது முதலாவதிலா இரண்டாவதிலா
என்று அம்மாவும் நானும்
இப்போதும் சண்டை பிடிக்கிறோம்.

துணியைக் கையில் வைத்துக்கொண்டு
எதை அழிக்க என்று நின்றான் சனூன்.
"நீளமானதைச் சுருக்கி விடு. அதுதான் விதி.
சின்னதை விரிச்சு எழுது."
எழுதினான்.
மார்க்கர் வரண்டு கிறீச்சிட்டது,
பூச்சியம்,
பூச்சியம்.
கப்பல் இன்னும் திரும்பி முடியவில்லை.

ஐந்து மணிக்கு அறிக்கை போனது.
வெருகல் பெட்டி: பழையதிலேயே இருக்கட்டும்.
வாசல் கமரா: சித்திரைக்குப் பிறகு.
உரிமையாளர் தெரியாத நான்கு:
இப்போதைக்கு நிறுத்த வேண்டாம்.
யாராவது பேசுகிறார்களா என்று
ஒரு மாதம் கேட்டுப் பார்ப்போம்.